பனங்கட்டியை விளங்கப்படுத்துதல்

கட்டுரை எழுதுவது எனக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் சாதாரண தரத்துக்குப் படித்தபோது, ஒரு திருக்குறளைத் தலையில் வைத்து, நடுவில் பனையையோ பாரதியையோ புகழ்ந்து, "என்றால் மிகையாகாது" என்று முடித்தால் நல்ல புள்ளி விழும். கனடாவுக்கு வந்து ஸ்காபரோவின் வளர்ந்தோர் பள்ளியொன்றில் ஆங்கிலம் படிக்கச் சேர்ந்தபோது அந்தக் கையிருப்பில் ஒன்றும் செல்லுபடியாகவில்லை.

ஒன்ராறியோ மாகாணத்தில் ஹைஸ்கூல் டிப்ளோமா எடுப்பதென்றால் எழுத்தறிவுத் தகுதி ஒன்று வேண்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அதற்குச் சோதனை எழுதுகிறார்கள். வயது வந்தவர்கள் அதற்கு ஈடான ஒரு பாடத்தை நேரடியாகவே எடுக்கலாம். அதில் விளக்கப் பந்திகளும் கருத்துப் பந்திகளும் வேறு வேறாக எழுத வேண்டும். விளக்கத்தில் யாரையும் நம் பக்கம் இழுக்கக் கூடாது. ஒன்று எப்படி நடக்கிறது, ஏன் நடக்கிறது, இன்னொன்றிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்று சொன்னால் போதும். கட்டுரை எதைப் பற்றியது என்று முதற் பந்தியிலேயே ஒரு வசனம், பிறகு பந்திக்கு ஒரு விஷயம். இவ்வளவையும் ஒரு பின்னேரத்தில் படித்துவிடலாம்.

ஏதாவது ஒரு செய்முறையை விளக்கச் சொன்னார்கள். நான் பனங்கட்டியை, அதாவது பனங்கருப்பட்டியை எடுத்தேன். பாளை சீவப்படுகிறது, சுண்ணாம்பு பூசிய மண் முட்டியில் கருப்பநீர் இறக்கப்படுகிறது, காய்ச்சி ஓலைக் குட்டானில் ஊற்றப்படுகிறது. எங்கள் ஊரவருக்கு இதுவே அதிகம். ஆசிரியை ஜமெய்க்காவிலிருந்து வந்தவர். தாளின் ஓரமெல்லாம் கேள்விகளோடு திருப்பித் தந்தார். இது தென்னை மாதிரி மரமா? பாளை என்றால் எந்தப் பகுதி? சுண்ணாம்பு எதற்கு?

பூசாவிட்டால் கள்ளாகிவிடும் என்றேன். "ஏன் ஆகும்?" என்றார்.

ஊரில் இதை யாரும் யாரிடமும் கேட்டதில்லை. தேடிப் படித்தேன். பூந்தண்டைச் சீவியதும் வடிகிற இனிப்புச் சாற்றில் மதுவம் (ஈஸ்ட்) தானாகவே சேர்ந்து, சில மணி நேரத்துக்குள் சீனியை மதுசாரமாக்கத் தொடங்கிவிடும். சுண்ணாம்பு சாற்றைக் காரத்தன்மையாக்குவதால் மதுவம் பெருக முடியாது. ஒரு சொல்லாகக் கிடந்த சுண்ணாம்பு தனிப் பந்தியானது. காய்ச்சுமுன் அந்தச் சுண்ணாம்பைத் தெளிய விட்டு வடித்தெடுக்க வேண்டும் என்பதும் அப்போதுதான் கட்டுரைக்குள் வந்தது.

இரண்டாம் முறை ஒரே கேள்விதான். "இறக்கப்படுகிறது" என்ற இடத்தில் கோடிட்டு, "யாரால்?" என்று எழுதியிருந்தார்.

பள்ளிக்கூடத்தில் பனையைக் கற்பகதரு என்று எத்தனையோ தரம் எழுதியிருக்கிறேன். அதில் ஏறுகிற மனிதர் ஒரு வரியிலும் வந்ததில்லை. காலில் தளநார் வளையத்தைப் போட்டு, இடுப்பில் கத்தியும் முட்டியுமாக, காலையிலும் மாலையிலும் அதே மரத்தில் ஏறி இறங்குகிறவர் அவர். சீவாமல் விட்டால் வெட்டுவாய் காய்ந்து சாறு நின்றுவிடும் என்பதால் அவருக்கு விடுமுறை கிடையாது. இதையெல்லாம் எழுதினேன். எங்கள் வீட்டு முற்றத்துக்கு மேல் அவர் வந்ததில்லை, கிணற்றில் தானாக அள்ளித் தண்ணீர் குடித்ததில்லை என்பதையும் சேர்த்தேன். ஆசிரியை வாசித்துவிட்டு, அந்த இரண்டும் உண்மைதான், ஆனால் பனங்கட்டி எப்படி உண்டாகிறது என்பதற்கு அவை தேவையில்லை, வேறு கட்டுரைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றார். வெட்டத்தான் வேண்டியிருந்தது. கருத்துக் கட்டுரையின் முறை வந்தபோது தலைப்புத் தேட எனக்கு நேரம் எடுக்கவில்லை.

இப்போது முதியோர் இல்லமொன்றில் வேலை. ஒவ்வொரு ஷிப்டும் முடியும்போது குறிப்பு எழுத வேண்டும். "கோபமாக இருந்தார்" என்று எழுத முடியாது. மத்தியானச் சாப்பாட்டில் பாதியை விட்டார், தட்டைத் தள்ளினார், "வீட்டுக்குப் போகவேண்டும்" என்று மூன்று தரம் சொன்னார் என்றுதான் எழுதலாம். புதிதாக வருகிற எங்கள் பிள்ளைகள் இந்தக் குறிப்புக்குத்தான் மிகவும் பயப்படுகிறார்கள். அவர்களிடம் அம்மாவின் ரசத்தை, ரசமே கண்டிராத ஒருவருக்கு எழுதிப் பாருங்கள் என்கிறேன். யார் புளி கரைத்தது என்பதையும் விட்டுவிட வேண்டாம்.