ஸ்பொட்டில் பொயின்ரர் நுனியைக் கடைசியாகப் பாருங்கள்

போன கிழமை ஸ்பொட் பெறுபேறு வந்தது, அதாவது மைக்ரோஸ்கோப்பில் பொயின்ரர் காட்டுகிற கலத்தின் பெயரை மணி அடிக்க முன் எழுதுகிற சோதனை. இரண்டாம் தரம் எழுதித்தான் பாஸ். முதல் தரம் எங்கே சறுக்கினேன் என்பதை மட்டும் சொல்கிறேன், மிச்சமெல்லாம் சீனியர்மாரின் நோட்ஸில் இருக்கிறது.

அன்றைக்கு மூளை ஸ்லைடில் பொயின்ரர் ஒரு பெரிய கலத்தில் நின்றது. பெரிய கலமென்றால் மூளியில் (சிறுமூளையில்) இருக்கிற பேர்கின்ஜி என்று எனக்குள் ஒரு கணக்கு, கண்ட உடனே எழுதிவிட்டு மிச்ச நேரம் முன்னுக்கு நின்றவனின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணி அடித்து அடுத்த மேசைக்குப் போகும்போதுதான் உறைத்தது. சுற்றிவர இருந்ததெல்லாம் முக்கோணக் கலங்கள், நுனிகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி. மூளியில் ஏது முக்கோணம்? அது பெருமூளையில் இருக்கிற பெற்ஸ் கலம்.

ஆகவே முதலில் அயல், பிறகு கலம்:

- கதியால் நட்டது போல ஒற்றை வரிசையில் குடுவைக் கலங்கள், ஒரு பக்கம் கடுகு கொட்டியது போல சிறுமணிக் கலங்கள், மறுபக்கம் வெளிறிய படை என்றால் மூளி. வரிசையில் நிற்பது பேர்கின்ஜி.
- முக்கோணக் கூட்டத்துக்குள் ஒரு பூதம்: பெற்ஸ். இயக்க மேற்பட்டையின் (உடலசைவை நடத்துகிற பெருமூளை மேற்பரப்பின்) 5ஆம் படை. 100 மைக்ரோமீற்றர் வரை வரும்.
- கலத்துக்குள் மண்ணிறப் பொடி: சப்ஸ்ரான்சியா நைக்ரா, நடுமூளையின் கருமையான பகுதி. அது சாயமல்ல, கலத்தின் சொந்த நிறப்பொருளான நியூரோமெலனின்.
- உருண்டைக் கலம், சுற்றிவர மாலை போலக் குட்டிக் கலங்கள்: முதுகுவேர்த் திரட்டு, முண்ணாணுக்குப் பக்கத்தில் இருக்கிற நரம்புக் கலக் கூட்டம். மூளையே இல்லை, ஏமாறாதீர்கள்.

புத்தகத்தில் இருக்கிற கலங்களின் அந்த வடிவான கிளைகளை எச் அண்ட் ஈ (வழமையான ஊதா, இளஞ்சிவப்புச் சாயம்) ஸ்லைடில் தேடி நேரத்தைக் கரைக்காதீர்கள். அவை 1873இல் கொல்ஜி கண்டுபிடித்த வெள்ளிச் சாயத்தில் தெரிபவை, சில கலங்களை மட்டுமே கறுப்பாக்குவதால்தான் ஒரு மரம் முழுதாகத் தெரிகிறது. அப்படியொரு பேர்கின்ஜி படத்தை என் போனில் பார்த்துவிட்டு அம்மா, "இதென்ன, வடலியே?" என்று கேட்டா. சரியாகத்தான் கேட்டா, அந்தக் கிளைகளும் ஓலை போலத் தட்டையாக ஒரே தளத்தில்தான் விரிகின்றன.

வொன் எக்கொனோமோ என்கிற கதிர் வடிவ அபூர்வ நரம்புக் கலத்துக்காக இரண்டு இரவு முழித்தேன், வரவேயில்லை. உங்களுக்கு வந்தால் என்னைத் திட்டாதீர்கள்.

இந்த முறை வந்தது பேர்கின்ஜியேதான். பயத்தில் அயலை மூன்று தரம் சுற்றிப் பார்த்து, மணி அடிக்கும்போது பெயரின் கடைசி எழுத்து பாதியில் நின்றது.