ஒரு டிஃபன்ஸ்மேனை எடைபோடப் போய்ப் பட்ட பாடு

ஒன்டாரியோவின் ஜூனியர் ஐஸ் ஹாக்கி லீக்கான ஓஎச்எல் ஆட்டம் பார்க்க வெள்ளிக்கிழமை சாயங்காலம் டொராண்டோவிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நீங்கள் பார்க்கப்போகும் பையன் அன்றைக்கு ஆடுகிறானா என்று விசாரித்துவிட்டு 401 நெடுஞ்சாலையில் ஏறுங்கள். கொட்டுகிற பனியில் ஊர்ந்து போய்ச் சேர்ந்தால் வார்ம்அப்பில் ஆளைக் காணோம். நிமிர்ந்து பார்த்தேன். கோட்டு சூட்டோடு கேலரியின் கடைசி வரிசையில் உட்கார்ந்து பாப்கார்ன் கொறித்துக்கொண்டிருந்தான். கேட்டால், 'அப்பர் பாடி' காயமாம். ஹாக்கியில் இடுப்புக்கு மேலே என்ன ஆனாலும் அதே பதில்தான்.

டிராஃப்ட் என்றால், வட அமெரிக்காவின் பெரிய ஹாக்கி லீக்கான என்எச்எல்லின் டீம்கள் இளம் வீரர்களை முறைவைத்து எடுப்பது. அதற்கு வரும் வீரர்களைப் பற்றி எழுதும் ஒரு சிறு குழுவுக்காகச் சம்பளமில்லாமல் செய்த வேலை இது. இடக்கை டிஃபன்ஸ்மேன் (தடுப்பாட்டக்காரன்) ஒருவனைப் பார்த்து ரிப்போர்ட் தரவேண்டும். விண்ணப்பம், மாதிரி ரிப்போர்ட் எல்லாம் சுலபமாகவே முடிந்தன.

அடுத்த தடவை ஆடினான். ஆனால் வாசலில் பாஸ் பட்டியலில் என் பெயர் இல்லை. முன்கூட்டியே மெயில் போட்டு, சரி என்று பதிலும் வாங்கியிருந்தேன். போனில் எடுத்துக் காட்டினேன். அதை அனுப்பியவர் லீவாம். சரி, லைன்அப் தாளாவது ஒன்று கொடுங்கள் என்றேன். அந்த அம்மாவின் முழங்கைக்குப் பக்கத்திலேயே ஒரு கட்டு கிடந்தது. அது மீடியாவுக்கு மட்டும் என்று சொல்லி அதை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவைத்தார். கைக்காசைப் போட்டு டிக்கெட் வாங்கினேன்.

அதுவும் நல்லதாகத்தான் போயிற்று. டிஃபன்ஸ்மேனைப் பார்க்கப் போனால் நடு ஐஸுக்கு நேராக உட்காராதீர்கள். அவன் டீம் முதல் பீரியடில் காக்கிற கோலுக்குப் பின்னால், மேல் வரிசையில் மூலையாகப் பார்த்து இடம் பிடியுங்கள். ஒவ்வொரு பீரியடுக்கும் பக்கம் மாறுவதால் மூன்றாவது பீரியடிலும் அதே பக்கம்தான் வருவார்கள்.

அங்கிருந்து பார்த்தது வீடியோவில் கிடைக்காது. பக் (ஐஸில் ஓடும் ரப்பர் வட்டு) மூலைக்குப் போகிறது, அதைப் பறிக்க எதிரணி ஃபோர்செக்கர் துரத்தி வருகிறான். பக்கைத் தொடும் முன்பே நம் பையன் இரண்டு தடவை தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டான். இடுப்பை வலப்பக்கம் காட்டி ஏமாற்றி, இடப்பக்கம் சுழன்று, நடுவில் வந்த சென்டரின் மட்டைக்குப் பாஸ். பயந்தவனாக இருந்தால் சுற்றுச்சுவரை ஒட்டிப் போர்டோடு போர்டாக அடித்துவிட்டுக் கையைக் கழுவியிருப்பான். ஆனால் பின்னோக்கிச் சறுக்கும்போது இடப்பக்கம் திரும்ப வேண்டி வந்தால் இவன் போடும் வட்டம் பெரிதாகிவிடுகிறது. அந்தச் சந்தில் ஒரு விங்கர் வெளிப்பக்கமாகப் புகுந்து கோல் வரை போய்விட்டான். இரண்டையும் எழுதிக்கொண்டேன்.

வீடியோவை மட்டும் வைத்து ரிப்போர்ட் எழுதுகிறவர்கள் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. கேமரா பக்கின் பின்னால் ஓடும். எதிரணி வேகமெடுக்கும்போது இவன் எங்கே நிற்கிறான், தன் பகுதியின் எல்லையான புளூ லைனுக்கு முன்பே எதிராளியோடு உள்ள கேப்பைச் சுருக்குகிறானா என்பதெல்லாம் ஃபிரேமுக்கு வெளியே நடக்கிற விஷயம்.

புள்ளிக்கணக்கும் அப்படித்தான். இவனுடைய அசிஸ்ட்டுகளில் பாதிக்கு மேல் பவர் பிளேயில் (எதிரணியில் ஆள் குறையும் நேரம்) வந்த இரண்டாவது அசிஸ்ட், அதாவது கோலுக்கு வழிவிட்ட பாஸுக்கும் முந்தைய பாஸ். பிளஸ் மைனஸ் (அவன் ஐஸில் இருக்கும்போது டீம் போட்ட, வாங்கிய கோல்களின் கணக்கு) அழகாக இருந்ததற்குக் காரணம், கூட ஆடிய 20 வயசு பார்ட்னர். பிறந்த தேதியையும் பாருங்கள். செப்டம்பர் 15-க்குள் 18 முடிந்தால்தான் அந்த வருஷ டிராஃப்ட். டிஃபன்ஸ்மேன் மேத்யூ ஷேஃபர் பிறந்தது 2007 செப்டம்பர் 5. பத்து நாள் கழித்து வந்திருந்தாலும் கெடுவுக்கு உள்ளேதான். இன்னும் ஒரே ஒரு நாள் தள்ளியிருந்தால் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டியது. காய்ச்சல், காலர் எலும்பு முறிவு என்று அந்த சீசனில் 17 ஓஎச்எல் ஆட்டம்தான் ஆடினார். அப்படியும் 2025-ல் நியூயார்க் ஐலண்டர்ஸ் டீம் முதல் ஆளாக எடுத்தது. நம் பையன் அக்டோபரில் பிறந்தவன். கூட நிற்கும் பலரைவிட மூத்தவன், அதற்கு ஏற்றபடி கழித்துத்தான் மதிப்பிட வேண்டும்.

மனசை மாற்றியது கடைசி நிமிடம். ஒரு கோல் முன்னிலை. எதிரணி கோலியை (கோல்கீப்பரை) வெளியே எடுத்துவிட்டு ஆறு பேரோடு ஆடுகிறது. கோச் இவனைத்தான் இறக்கினார். மூலையில் பக்கை எடுத்தவன், இடி விழப்போகிறது என்று தெரிந்தும் அரை நொடி காத்திருந்தான். விங்கர் நகர்ந்ததும் கண்ணாடியில் தட்டித் தன் பகுதிக்கு வெளியே அனுப்பினான். ஐசிங்கும் (பக்கை மறுகோடி வரை அடித்துவிடும் தவறு) இல்லை. மோதலில் விழுந்து எழுந்து நேரே கோல் முன்னால் போய் நின்றான்.

டிராஃப்டில் மூன்றாவது ரவுண்டு என்று எழுதி அனுப்பினேன். திரும்பி வந்தது. உயரம் போதாது, இறக்குங்கள் என்றார் எடிட்டர். டிஃபன்ஸ்மேன் லேன் ஹட்ஸனையும் இதையே சொல்லித்தான் 2022-ல் 62-ஆவது இடம் வரை விட்டார்கள், 2025-ல் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பை வாங்கினார் என்று பதில் போட்டேன். 2016-ல் 66-ஆவதாகப் போன ஆடம் ஃபாக்ஸ் 2021-ல் சிறந்த டிஃபன்ஸ்மேனுக்கான நாரிஸ் கோப்பை வாங்கியதையும் சேர்த்துக்கொண்டேன். இவனை அவர்களோடு ஒப்பிடவில்லை, உயரத்துக்காக மட்டும் மார்க்கைக் குறைக்கமாட்டேன் என்றேன். ஒருவழியாக ஒப்புக்கொண்டார்.

அடுத்து, 'என்எச்எல்லில் யாரைப் போல ஆடுகிறான்' என்ற கட்டம் காலியாக இருக்கிறதாம். அதில் ஒரு கோடு போட்டு அனுப்பினேன். அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். இப்போது ஒரு கோலியைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். கிளப்புக்கு மெயில் போட்டாயிற்று. இந்த முறை பதில் அனுப்புகிறவர் அன்றைக்கு டூட்டியில் இருப்பாரா என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறேன்.