முழுக்கை

"கையை மடக்கிவிட்டு டிரெஸ்ஸிங் செய்" என்றேன். அவ்வளவுதான். நோயாளியின் மகனும் மருமகனும் கட்டிலருகே நின்றிருந்தார்கள். டிரெஸ்ஸிங் செய்துகொண்டிருந்த நர்ஸ் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு யூனிஃபாரத்துக்குள் போட்டிருந்த முழுக்கைச் சட்டையின் கையை முழங்கை வரை சுருட்டிக்கொண்டு வேலையைச் செய்தாள்.

சொன்னதில் தவறில்லை. ஏர்வாடிப் பக்கம் கடல்பாசி எடுக்கப் போன அந்த நோயாளி அம்மாவின் காலைப் பாறை கிழித்திருந்தது, சர்க்கரை வேறு. ஈரமான கைநுனி டிரேயில் உரசியதை நானே பார்த்தேன். துணியில் ஏறும் கிருமி அடுத்த கட்டிலுக்கும் போகும். வார்டுப் பொறுப்பில் இருப்பவள் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

ஆனால் நானும் அந்த நர்ஸைப் போல முஸ்லிம், கீழக்கரைக்காரி. என் உம்மா வெள்ளைத் துப்பட்டி போர்த்தாமல் தெருவில் கால் வைத்ததில்லை. வளைகுடாப் பயணங்களோடு கறுப்பு அபாயா அங்கி வந்த பிறகும் துப்பட்டியை விடவில்லை. அந்நிய ஆண்கள் முன் முழங்கை தெரிவது அந்த நர்ஸுக்கு எப்படியிருக்கும் என்பது வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். திரையை இழுத்துவிட்டு அந்த இருவரையும் வெளியே நிற்கச் சொல்ல அரை நிமிடம் ஆகியிருக்கும். அவசரம் என்று சொல்லிக்கொள்கிறேன். அவசரம் ஒன்றும் இல்லை.

வார்டில் எல்லோருக்கும் நான் சிஸ்டர். தனியே இருக்கும்போது அவளுக்கு மட்டும் ராத்தா, அதாவது அக்கா. அன்று மாலை மருந்து அறையில், "திரையை மூடிவிட்டுச் சொல்லியிருக்கலாமே ராத்தா" என்றாள். "இங்கே நோயாளிதான் முதலில்" என்றேன். என் கையில் கடிகாரமும் இரண்டு தங்க வளையல்களும் இருந்தன. அவையும் கிருமி தங்கும் இடம்தான். இத்தனை ஆண்டுகளில் யாரும் கழற்றச் சொன்னதில்லை. அவள் கண் அங்கே போய்த் திரும்பியது.

2023இல் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி மாணவிகள் ஏழு பேர் அறுவை அரங்குக்கு முழுக்கை மேலாடை கேட்டுக் கடிதம் கொடுத்தபோதே இதையெல்லாம் தேடிப் படித்தவள் நான். கையை மறைக்க விரும்பும் ஊழியர்கள், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மூடும், ஒருமுறை அணிந்து எறியும் கை உறைகளைப் போட்டுக்கொள்ளலாம் என்று பிரிட்டன் அரசின் 2010 வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. படித்தும் எங்கள் நிர்வாகத்திடம் கேட்கவில்லை. தன் ஆட்களுக்காகக் கேட்கிறாள் என்று நினைப்பார்களோ என்ற பயம். அன்று வார்டில் எல்லோர் காதிலும் விழும்படி என்னைச் சொல்ல வைத்ததும் அந்தப் பயம்தானோ? விதியைக் காக்கத்தான் சொன்னேன் என்று நம்பவே விரும்புகிறேன்.

போன வாரம் கை உறைகளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் வரவில்லை. அவள் வேலையில் ஒரு குறையும் இல்லை. மருந்து அறையில் நாங்கள் இருவர் மட்டும் இருக்கும்போதும் இப்போது சிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறாள்.