உகந்தையிலிருந்து குமுக்கன் ஆறு வழியாகக் கதிர்காமம்

மட்டக்களப்புப் பக்கம் ஆனி மாதம் வந்தால் ஊருக்கு ஊர் தெற்கே கதிர்காம முருகனிடம் நடந்துபோகிற பேச்சுத்தான். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியில் வேல் எடுத்துப் புறப்பட்ட அடியார்கள் முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல் எல்லாம் நடந்து மாமாங்கேஸ்வரர் கோயிலடிக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள். வெயிலில் கறுத்த முகங்களோடு அவர்கள் தெருவில் போகும்போது, வீட்டு வாசலில் நின்று பார்க்கிற யாருக்கும் அங்கே நிற்க மனம் வராது. பெரியம்மா அந்த வரிசையைப் பார்த்துவிட்டு உள்ளே போய் உடுப்புப் பையை எடுத்து வைத்தார். நானும் கூடப் புறப்பட்டேன்.

எங்கள் நடை மண்டூரில் தொடங்கியது. மண்டூர்க் கந்தசுவாமி கோயிலைச் சின்னக் கதிர்காமம் என்பார்கள். கதிர்காமத்தைப் போலவே இங்கும் திரைக்குப் பின்னால்தான் முருகன். வாயைத் துணியால் கட்டிக்கொண்டு கப்புகனார் என்ற பூசகர் செய்யும் பூசை. அங்கே கும்பிட்டு, குருமண்வெளித் துறைக்குப் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடந்து, கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று, தம்பிலுவில் என்று கடற்கரை வீதியால் நடந்தோம். அக்கரைப்பற்றில் ஒரு முஸ்லிம் கடைக்காரர் எங்களை மறித்து ஆளுக்கொரு போத்தல் தண்ணீர் தந்தார். காசை நீட்டியபோது கையைக் கூப்பிவிட்டார்.

திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி கோயிலில் இரவு தங்கினோம். இது எங்கள் பகுதியின் பெரிய தேசத்துக்கோயில், பல ஊர்களுக்கும் பொதுவான கோயில். கடல் பக்கத்திலேயே இருக்கிறது. ஆடி அமாவாசைத் தீர்த்தம் இங்கே கடலில்தான். அதற்கப்பால் கோமாரி, பொத்துவில், அறுகம்பைப் பாலம், பாணமை. பாணமையில் ஒரு வீட்டுத் திண்ணையில் இளைப்பாறினோம். அந்த வீட்டு அம்மா சிங்களம் பாதி தமிழ் பாதியாகக் கதைத்தார். எங்கள் ஊர்க் கண்ணகி கோயில்களில் கொம்புகளை மாட்டி இரு கட்சியாக இழுக்கிற கொம்புமுறி விளையாட்டு அங்கே பத்தினித் தெய்வத்துக்கு 'அங்கெலிய' என்று நடக்கிறது. பாணமை மக்களுக்கும் உகந்தை முருகன்தான் காவல்.

பாணமைக்கு அப்பால் காட்டு வாசலில் இருக்கிற உகந்தையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பலர் அதைக் காட்டுக்குள் நுழைவதற்கு முன் தங்குகிற மடம்போல நினைத்து, ஒரு பூசை பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அப்படிப் போகிறவர்கள் பாதி யாத்திரையை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்பேன். சூரனைச் சங்கரித்த வேலின் கதிர் வந்து தங்கிய மலை இது என்பது இங்குள்ள நம்பிக்கை. முருகனும் வள்ளியும் கல் ஓடங்களில் கடல் வழியாக வந்து இறங்கினார்கள் என்ற கதையும் உண்டு. மலையடியில் முருகன், மலை மேலே வள்ளியம்மன். கதிர்காமத்தில் ஆடித் திருவிழா நடக்கும் நாட்களில் இங்கும் திருவிழா நடந்து தீர்த்தத்தோடு முடியும்.

மலை உயரம் என்று சொல்ல முடியாது. ஆனால் மொட்டைப் பாறை. பத்து மணிக்குப் பிறகு வெறுங்காலோடு ஏறுவது கடினம். நாங்கள் விடியற்காலையில் ஏறினோம். பாறையில் அங்கங்கே சுனைகள். சுற்றிவரப் புல்லெல்லாம் காய்ந்து கிடக்கிற அந்த ஆடிக் காலத்தில் சுனைகளில் தண்ணீர் நின்றது. வள்ளி நீராடிய சுனை என்று சொல்லி, பெரியம்மா இரு கையாலும் அள்ளித் தலையில் விட்டுக்கொண்டார். உச்சியில் நின்றால் கிழக்கே முழுக்கக் கடல், கீழே மீனவர் வாடிகள், மணல் திட்டுகள். மேற்கேயும் தெற்கேயும் காடு. காட்டுக்குள்ளிருந்து பாறைக் குன்றுகள் தலை தூக்கி நிற்கின்றன. வடமேற்கே தெரிந்ததைக் குடும்பிகல என்று காட்டினார்கள். அங்கே பழைய குகைகளில் பிக்குகள் தவமிருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். தெற்கே காட்டின் நடுவில் ஒரு பச்சைக் கோடு. ஆறு ஓடுகிற பள்ளத்தாக்கு அதுதான் என்றார் பக்கத்தில் நின்ற ஒரு ஐயா. அவர் இளவயதிலிருந்தே இந்த வழி நடந்தவராம். "அந்தப் பச்சையப் பாத்துக்கொள்ளுங்க சாமி. வெட்டையில நடக்கிற நேரம் அத நினைச்சிக்கொண்டு நடங்க."

இந்தக் காட்டு வழி எப்போதும் திறந்திருப்பதில்லை. திருவிழாவை ஒட்டிக் குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் திறப்பார்கள். யுத்த காலத்தில் 1985 முதல் 2003 வரை இந்த வழி போகிற குமணப் பூங்காவே மூடிக் கிடந்தது. அப்போது யால கிழக்கு என்ற பெயர். 2006இல் குமண தேசியப் பூங்கா ஆனது. பெரியம்மாவின் வயதுக்காரர் பலருக்கு இந்த நடை இளமையில் அறுந்துபோன ஒன்று. அதனால்தான் காட்டு வாசலில் "கந்தனுக்கு அரோகரா" என்று குரல் எழுந்தபோது அவர் அழுதார். அங்கே நின்ற பல தாய்மாரும் அழுதார்கள்.

வாசலைத் தாண்டியதும் எல்லோரும் சாமிதான். பெயர், வயது, ஊர், தொழில் ஒன்றும் கிடையாது. சின்னப் பிள்ளையையும் "சாமி, விலகுங்க" என்றுதான் சொல்கிறார்கள். தலையில் அரிசி, பருப்பு, அவல், சீனி, சட்டி. கையில் ஒரு கம்பு. முதலில் வருகிற வாகூர வெட்டை நடப்பவரைச் சோதிக்கும் இடம். நிழல் இல்லை. மணல் சுடும். தூரத்தில் மான் கூட்டமும் எருமைகளும் நிற்கும்; அவற்றைப் பார்க்கத் தலை நிமிர மனம் வராது. முன்னால் நடக்கிறவரின் குதிகாலைப் பார்த்துக்கொண்டு நடப்பதுதான். அந்த நேரத்தில் யாரோ ஒருவர் காவடிச் சிந்து மெட்டில் ஏதாவது எடுத்துவிடுவார், பின்னால் வருகிறவர்கள் பிடித்துக்கொள்வார்கள், கால் தானாகப் போகும்.

குமண வில்லு என்ற நீர்நிலைப் பக்கம் பறவைகளின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. 1938இலேயே சரணாலயமாக்கப்பட்ட இடம். ஆங்கிலேயருக்கு எதிரான 1818 ஊவாக் கிளர்ச்சி தோற்ற பிறகு வெல்லசையிலிருந்து ஓடிவந்த சிங்களக் குடும்பங்கள் குமணையில் குடியிருந்தார்களாம். அதைவிடப் பழைய ஒன்றும் இந்தக் காட்டில் இருக்கிறது. போவத்தகல குகைகளில் கிறிஸ்துவுக்கு முற்பட்ட காலத்துப் பிராமிக் கல்வெட்டுகள், கதிர்காமத்துச் சத்திரியர்களைப் பற்றியவை, மீன் சின்னத்தோடு. யாத்திரை வழி அந்தக் குகைகளுக்குப் போவதில்லை. ஆனால் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னரே இந்தக் காடு கதிர்காமத்தோடு சேர்ந்த நிலம் என்று அறிந்துகொண்டு நடக்கும்போது, நாம் வழி தேடிப் போகவில்லை, முருகன் எல்லைக்குள்தான் நடக்கிறோம் என்ற தைரியம் வருகிறது.

அப்புறம் குமுக்கன் ஆறு. வெயிலிலிருந்து ஒரே எட்டில் நிழலுக்குள் போகிறோம். இரு கரையிலும் பெரிய பெரிய மருத மரங்கள், வேர்கள் தண்ணீருக்குள் இறங்கி நிற்கின்றன. ஆடியில் ஆறு அகலமான மணலும் நடுவே ஓடுகிற தெளிந்த தண்ணீருமாக இருக்கும். நான் ஓடப் பார்த்தேன். பெரியம்மா கையைப் பிடித்தார். "முதல்ல கும்பிடு மனே. மறுகா குளிக்கலாம்." மணலில் ஒரு வேலை நட்டு, கற்பூரம் கொளுத்தி, ஆற்றைக் கும்பிட்ட பிறகுதான் எங்கள் கூட்டத்தில் எவரும் தண்ணீரில் கால் வைத்தார்கள். குடிப்பதற்கு ஆற்றுத் தண்ணீரை அள்ளவில்லை. மணலில் ஊற்றுத் தோண்டித் தெளியவிட்டு எடுத்தோம். அந்தத் தண்ணீரில் சோறு காய்ச்சி, பருப்பும் மரக்கறியும் போட்டு ஒன்றாகக் குழைத்துச் சாப்பிட்டோம். பக்கத்து அடுப்புக்காரர்கள் ரம்பையும் கறிவேப்பிலையும் தந்தார்கள். நாங்கள் அவர்களுக்குச் சீனி கொடுத்தோம்.

இந்த ஆறு குமணப் பூங்காவின் தெற்கு எல்லை. மேலே இதே ஆற்றங்கரைக் காட்டில் கெபிலித்த என்ற இடம் இருக்கிறது. சிங்கள மக்கள் கடும் விரதம் காத்து அங்கே கதிர்காமத் தெய்வத்தைக் கும்பிடப் போகிறார்கள். அங்கே கூச்சலிடவும் பகிடி விடவும் அஞ்சுவார்கள். அந்தப் பயபக்தி கீழே நம் அடியார்களிடமும் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! கரையில் சம்பூப் பைக்கற்றுகள், சவர்க்காரத் தாள்கள், பிஸ்கற் உறைகள், நசுங்கிய போத்தல்கள். கோயில் கருவறை வாசலில் யாராவது சவர்க்கார நுரையைக் கழுவி ஊற்றுவோமா? நாம் போன பிறகு இரவில் யானையும் மானும் குடிக்க வருகிற தண்ணீர் இது. இந்த வழியில் நம்மை நடத்திக்கொண்டு போவதே தண்ணீர்தான்: மலையில் சுனை, பிறகு ஆறு, நாவலடியிலும் வியாழையிலும் கிணறு, வள்ளியம்மன் ஆறு, கடைசியில் மாணிக்க கங்கை. முருகன் தன்னிடம் வருகிறவர்களுக்கு வழியெல்லாம் வைத்திருக்கிற தீர்த்தங்கள் என்றே நான் இவற்றை நம்புகிறேன். எங்கள் கூட்டத்துப் பொடியன்கள் இரண்டு சாக்கு நிறையக் குப்பை பொறுக்கி, காட்டுக்கு வெளியே வரும்வரை முறைவைத்துச் சுமந்தார்கள்.

மறுநாள் இருட்டோடு ஆற்றைக் கடந்தோம். அதற்கு மேல் யால தேசியப் பூங்கா. நாவலடியை நோக்கிய நடையும் வியாழை வழியும் வெயிலும் தூசியுமாகப் போயின. காலில் கொப்புளம் வராதவர் குறைவு. வள்ளியம்மன் ஆற்றில் மணல்தான் அதிகம். கட்டகாமத்துக்கு வந்தபோது சனங்கள் தண்ணீர்த் தாங்கியோடும் சாப்பாட்டுப் பொதியோடும் காத்திருந்தார்கள். கதிர்காமத்தில் மாணிக்க கங்கையில் முழுகி எழுந்து, ஈர உடுப்போடு திரையின் முன் நின்றோம். பெரியம்மா தனக்கென்று ஒன்றும் கேட்கவில்லையாம். "வந்திட்டன் எண்டு மட்டும் சொன்னன்" என்றார்.

காட்டு வழி முழுக்க நடக்க உடல் இடங்கொடாதவர்கள் உகந்தைக்காவது போய்வாருங்கள். திருவிழா நாட்களில் அக்கரைப்பற்று, பொத்துவில் பக்கமிருந்து வாகனங்கள் ஓடும். முதல் நாள் மாலைப் பூசைக்கே போய்ச் சேர்ந்து இரவு தங்குங்கள். காலையில் வெயில் ஏறுமுன் வள்ளியம்மன் மலைக்கு ஏறிவிடலாம். முதியவர்கள் ஏறும்போது இளம் பிள்ளை ஒன்று கூடப் போவது நல்லது. திரும்பக் கழுவி நிரப்பக்கூடிய போத்தலில் தண்ணீர் கொண்டுபோங்கள், பொலித்தீன் வேண்டாம். நடக்கிறவர்கள் காட்டு வாசல் எந்த நாளில் திறந்து எந்த நாளில் மூடுகிறது என்பதை அந்த ஆண்டின் அறிவித்தலில் பார்த்துவிட்டே வீட்டிலிருந்து புறப்பட வேண்டும். கூட்டத்தை விட்டுத் தனியே நடக்கக் கூடாது, பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு காட்டில் நடையை நிறுத்திவிட வேண்டும்.