‘அறியப்படாத பிழை’க்குப் பின்னால் இருந்த காரணங்கள்

‘அறியப்படாத பிழை, வீடியோவை உருவாக்க இயலவில்லை.’ தாத்தாவின் சதாபிஷேகத்தை உறவினர்கள் பலரும் தத்தம் கைபேசிகளில் எடுத்திருந்த பதிவுகளைத் திரட்டி, வீட்டு உபயோகத்துக்கான எடிட்டிங் மென்பொருளில் ஒரு மணி நேரப் படமாகத் தொகுத்து, அதை ஒரே வீடியோ கோப்பாக எழுதும் ரெண்டர் வேலையைக் கொடுத்தபோது, பாதி வேலை கடந்த நிலையில் எனக்குக் கிடைத்த செய்தி இவ்வளவுதான். எந்தக் கிளிப்பில் சிக்கல், படிப்பதில் தடையா எழுதுவதில் தடையா என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. ‘விவரங்கள்’ பொத்தானை அழுத்தியதும் 80004005 என்ற எண் வந்தது. விண்டோஸில் இந்த எண்ணுக்குப் பொருளே ‘குறிப்பிடப்படாத பிழை’ என்பதால், அதைத் தேடிப் படிப்பதில் பயன் இருக்கவில்லை.

எனவே செய்தியை விட்டுவிட்டு, ரெண்டர் எங்கே நிற்கிறது என்பதைக் கவனித்தேன். எதையும் மாற்றாமல் மறுபடி ஓட்டியபோதும் ஏறக்குறைய அதே சதவீதத்தில்தான் நின்றது. நிற்கும் இடம் ஒவ்வொரு முறையும் மாறினால் நினைவகம், சூடு, கிராஃபிக்ஸ் டிரைவர் போன்றவற்றைச் சந்தேகிக்கலாம். மாறாமல் அதே இடத்தில் நின்றால் அந்த இடத்தில் உள்ள கிளிப்பையோ எஃபெக்டையோதான் முதலில் பார்க்க வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டின் உதவியை அமைப்புகளில் நிறுத்திவிட்டு ஓட்டியும் முடிவு மாறாததால், என் சந்தேகம் கிளிப்புகளின் பக்கம் உறுதியாகத் திரும்பியது.

சதவீதத்தை வைத்துக்கொண்டு, கிளிப்புகளை வரிசையாக அடுக்கியிருக்கும் டைம்லைனில் துல்லியமான நொடியைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் டைம்லைனை இரண்டாகப் பிரித்து ஒவ்வொரு பாதியையும் தனியே ரெண்டர் செய்தேன்; நின்றுபோன பாதியை மறுபடி இரண்டாகப் பிரித்தேன். ஒரு மணி நேரப் படத்தை இப்படி ஆறு முறை பாதியாக்கினால் தேட வேண்டிய பகுதி ஒரு நிமிடத்துக்கும் கீழே வந்துவிடும். இந்தச் சோதனைக்கு முழுத் தெளிவுத்திறன் தேவையில்லை. 480 வரிகள் கொண்ட சிறிய வடிவில் எழுதினாலும் மூலக் கிளிப்புகளை மென்பொருள் படித்தே ஆக வேண்டும் என்பதால், படிப்பதில் உள்ள கோளாறு அதிலும் வெளிப்பட்டுவிடும்.

சிக்கியது சித்தப்பாவின் கைபேசியிலிருந்து வந்த ஒரு கிளிப். வீடியோ பிளேயரில் அது தடையில்லாமல் ஓடியது. ஆனால் பிளேயர்கள் பழுதான ஃபிரேம்களை, அதாவது வீடியோவின் தனித்தனிப் படங்களை, தாண்டிச் செல்லும்படி எழுதப்பட்டவை என்பதால், பிளேயரில் ஓடுவதை மட்டும் வைத்து ஒரு கோப்பு நல்ல நிலையில் இருப்பதாகச் சொல்லிவிட முடியாது. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசக் கருவியைக் கொண்டு, எதையும் சேமிக்காமல் கிளிப் முழுவதையும் ஃபிரேம் ஃபிரேமாகப் படிக்கச் செய்தபோது, நடுவில் ஓரிடத்தில் பிழை வரிகள் வரிசையாக வந்தன. சித்தப்பாவின் கைபேசியில் மூலக்கோப்பு சேதமின்றி இருந்தது. கேபிள் வழியாகப் புதிதாக நகலெடுத்து, அதே சோதனையைச் செய்து பார்த்த பிறகு டைம்லைனில் மாற்றி வைத்தேன். ரெண்டர் அந்த இடத்தைக் கடந்தது.

ஆனால் முடியும் தறுவாயில் அதே வாசகத்துடன் மீண்டும் நின்றது. இம்முறை ‘விவரங்கள்’ காட்டிய எண் 80070070. வாசகம் ஒன்றாக இருந்தாலும் காரணம் வேறு என்பதை அந்த எண்தான் சொன்னது. 8007 என்று தொடங்கும் எண்களில் கடைசி நான்கு இலக்கங்கள் விண்டோஸின் சொந்தப் பிழை எண்ணைக் குறிக்கும். பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில் உள்ள 70 என்பது நம் வழக்கமான எண்முறையில் 112, அதன் பொருள் வட்டில் இடமில்லை என்பது. நான் சேமிக்கச் சொல்லியிருந்த டி டிரைவில் இடம் தாராளமாக இருந்தது. ஆனால் ரெண்டர் ஓடும்போது கவனித்ததில், சி டிரைவின் காலியிடம்தான் மளமளவென்று குறைந்துகொண்டிருந்தது. மென்பொருள் தன் தற்காலிகக் கோப்புகளை அங்கே எழுதி, இறுதியில்தான் டி டிரைவுக்கு மாற்றுகிறது. தற்காலிகக் கோப்புறையை அமைப்புகளில் டி டிரைவுக்கு மாற்றியதும் படம் முழுமையாக உருவானது. இடமில்லை என்று இயங்குதளம் தெளிவாகச் சொல்லியிருக்க, அதை ‘அறியப்படாத பிழை’ என்று மூடிக் காட்டுவது பயனருக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன்.

பிழைச் செய்தியே வராத கோளாறு ஒன்றும் இருந்தது. சில கிளிப்புகளில் குரலும் உதட்டசைவும் போகப்போக விலகின. வெளிச்சம் குறைந்த இடத்தில் பல கைபேசிகள் ஃபிரேம் வேகத்தைத் தாமாகவே குறைத்துக்கொள்ளும். வேகம் சீராக இருக்கும் என்று எண்ணும் எடிட்டிங் மென்பொருள் அதில் தடுமாறும். அந்தக் கிளிப்புகளை ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளைக் கொண்டு மாறா ஃபிரேம் வேகத்துக்கு மாற்றியதும் விலகல் நீங்கியது.

தொலைக்காட்சியில் போட்டுப் பார்ப்பதற்காகப் பென்டிரைவில் நகலெடுத்தபோது, சேருமிடத்தின் கோப்பு முறைமைக்கு இந்தக் கோப்பு மிகப் பெரியது என்று விண்டோஸ் நேரடியாகச் சொன்னது. காரணம் அந்த வரியிலேயே இருந்ததால் தேடல் எதுவும் தேவைப்படவில்லை: பென்டிரைவில் இருந்த ஃபேட்32 என்ற கோப்பு முறைமையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. பெரிய கோப்புகளுக்கு இடம் தரும் எக்ஸ்ஃபேட் முறையை எங்கள் தொலைக்காட்சி ஏற்காததால், கோப்பின் அளவு குறையும்படி படத்தை நொடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் மறுபடி ரெண்டர் செய்தேன். அந்த வேகத்தில் ஒரு மணி நேரப் படம் ஒலியையும் சேர்த்து ஏறக்குறைய 3.7 ஜிபி வரும். அந்தப் பென்டிரைவிலேயே அது அடங்கியது.