சிந்தோக்கில் படித்துவிட்டு பி.டி.டி. ஆன கதை

மலேசிய அரசாங்கத்தில் அதிகாரியாக வேண்டுமென்றால் மலாயாப் பல்கலைக்கழகத்தில் படித்திருக்க வேண்டும், கெடாவில் சிந்தோக்கில் இருக்கும் வட மலேசியப் பல்கலைக்கழகத்தில் (யூ.யூ.எம்.) படித்துவிட்டுப் போனால் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். பேராவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் இதை எனக்குச் சொல்லாத மாமா, அத்தை குறைவு. யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தோட்டத்து லயத்திலிருந்து தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்த குடும்பங்களுக்குப் பல்கலைக்கழகம் என்றாலே மலாயாதான். போதாததற்கு, பக்கத்து ஊர் கோலகங்சாரில் மலாய்க் கல்லூரி இருக்கிறது. அரச குடும்பத்து, பிரபுக்கள் வீட்டுப் பிள்ளைகளுக்காக 1905இல் ஆங்கிலேயர் தொடங்கியது. நிர்வாகச் சேவைக்கு அங்கிருந்து ஆள் எடுத்தார்கள். அந்தப் பெரிய கட்டடத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் படித்த இடம்தான் வேலை வாங்கித் தரும் என்று தோன்றுவது நியாயம்தான்.

நான் படித்தது யூ.யூ.எம்.மில், பொது நிர்வாகம். 2022இல் நிர்வாக, அரசதந்திர அதிகாரியாக, அதாவது எல்லாரும் பி.டி.டி. என்று சொல்லும் பதவிக்குத் தேர்வானேன். இப்போது புத்ராஜெயாவில் ஓர் அமைச்சில் கொள்கைப் பிரிவில் இருக்கிறேன். இந்த வழியில் வர நினைக்கும் நம் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் படி எஸ்.பி.ஏ., பொதுச் சேவை ஆணையம். அதன் இணையப் பக்கத்தில் எஸ்.பி.ஏ.9 என்ற பாரத்தை நிரப்ப வேண்டும். அதில் பல்கலைக்கழகத்தின் பெயர் ஒரு கட்டம், அவ்வளவுதான். தகுதி என்று கேட்பது வேறு: அரசாங்கம் அங்கீகரித்த பட்டம், இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் மலாய்மொழிக்குக் கிரெடிட் (நல்ல தேர்ச்சி). இந்த இரண்டாவதை அழுத்திச் சொல்கிறேன். தமிழ்ப்பள்ளி முடித்து ரிமூவ் கிளாஸ் (இடைநிலைப்பள்ளிக்கு முந்தைய புகுமுக வகுப்பு) வழியாகப் போகும் பிள்ளைகளில் எத்தனையோ பேர் கணக்கிலும் அறிவியலிலும் நன்றாக வாங்கிவிட்டு மலாய்மொழியில் நின்றுவிடுகிறார்கள். எந்தப் பெரிய பல்கலைக்கழகமும் அதை ஈடுகட்டாது. தனியாக மறுதேர்வு எழுதி வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அது தெரிந்திருக்க வேண்டுமே.

அங்கீகாரம் என்பதும் சின்ன விஷயம் இல்லை. எங்கள் வரிசை வீட்டுத் தம்பி ஒருவன் தனியார் கல்லூரியில் படித்தான். வெளிநாட்டுப் பெயர் பொறித்த சான்றிதழ், அழகான கட்டடம். அவன் அப்பா இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பணத்தை எடுத்துக் கட்டினார். முடித்து வந்து விண்ணப்பிக்கும்போதுதான் அவன் எடுத்த பாடத்திட்டத்துக்கு முழு அங்கீகாரம் வரவே இல்லை என்று தெரிந்தது. சேர்க்கும்போது அந்தக் கல்லூரியில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. கல்லூரி பெயர்பெற்றதா என்று ஊரெல்லாம் விசாரிக்கிறோம். பட்டங்களுக்கு அங்கீகாரம் தரும் அரசு அமைப்பான எம்.கியூ.ஏ.வின் பதிவேட்டில் அந்தப் பாடத்திட்டத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்க்கக் கொஞ்ச நேரம்தான் ஆகும். அது இலவசம்.

அப்புறம் எழுத்துத் தேர்வு. பொது அறிவு, சிக்கல் தீர்க்கும் திறன், ஆங்கிலம், கட்டுரை. நான் அரசாங்கத்தின் ஐந்தாண்டுத் திட்டமான 12வது மலேசியத் திட்டத்தை மலாயில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை என்று படித்தேன். வரவு செலவுத் திட்ட உரையையும் அப்படித்தான். அரசாங்கம் ஒரு விஷயத்தை எந்தச் சொற்களில் பேசுகிறது என்பது காதில் ஏறிவிட்டால் கட்டுரை தானாக வரும்.

அடுத்து பி.ஏ.சி. என்கிற மதிப்பீட்டு மையம். உடற்தகுதி, குழு வேலை, எழுந்து நின்று பேசுவது. பெயர்பெற்ற கல்லூரி என்ன தருகிறது என்பதை இங்கேதான் கண்ணால் பார்த்தேன். மலாயாவிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்தவர்கள் ஆங்கிலத்தில் தடையில்லாமல் பேசினார்கள். குழுவில் எப்போது பேச வேண்டும், எப்போது மற்றவருக்கு வழிவிட வேண்டும் என்று அவர்களுக்கு முன்பே சொல்லிக் கொடுத்த சீனியர்கள் இருந்தார்கள். மதிப்பெண் போடுபவர் கல்லூரியைப் பார்த்துப் போட்டதாக எனக்கு ஒரு கணமும் தோன்றவில்லை. ஆனால் அந்தப் பழக்கம் அவர்களுக்குக் கல்லூரியிலேயே கிடைத்தது, நான் தேடிப் போய்ப் பெற்றேன். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர் வீட்டில் வாரா வாரம் என்னையும் என் அத்தை மகனையும் எதிரெதிரே உட்கார வைத்து வாதிட வைத்தார். அவருக்கு நான் பட்ட கடன் பெரியது.

நேர்முகத் தேர்வில் எங்கே படித்தேன் என்று கேட்டார்கள், தலையசைத்தார்கள், அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். அந்த ஆண்டு மே மாதம்தான் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 ரிங்கிட்டாகியிருந்தது. தோட்டத்துறைக்கு அது சரிப்பட்டு வருமா என்று கேட்டார்கள். அப்பா செம்பனைக் குலை வெட்டியவர், டன் கணக்கில் கூலி வாங்கியவர். மழைக்காலத்தில் சம்பளச் சீட்டு எப்படி இளைக்கும் என்று எனக்குத் தெரியும். வெட்டிய அளவுக்கான கூலி குறைந்தாலும் மாதச் சம்பளம் அந்த வரம்புக்குக் கீழே போகக் கூடாது என்று குறைந்தபட்சச் சம்பள ஆணை சொல்கிறது. அதைச் சொல்லிவிட்டு, வேலைநாள் கணக்கை யார், எப்படிப் பதிகிறார்கள் என்பதில்தான் அமலாக்கம் நிற்கிறது என்று விளக்கினேன். நடுவில் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேள்விமேல் கேள்வி கேட்டார். சிந்தோக்கும் மலாயாவும் அந்த அறையில் யாருக்கும் நினைவில் இல்லை.

எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். அரசாங்கத்துக்கு வெளியே கொள்கை ஆய்வு செய்யும் நிறுவனங்கள் இருக்கின்றன: 1983இல் தொடங்கிய ஐசிஸ் மலேசியா, கசானா ஆய்வுக் கழகம் போன்றவை. அங்கே இருப்பவர்களின் விவரக் குறிப்பைப் படித்தால் வெளிநாட்டு முதுகலைப் பட்டங்கள் நிறையக் கண்ணில் படும். பொதுத் தேர்வு வைத்து ஆள் எடுக்காத இடத்தில் கல்லூரிப் பெயருக்குக் கனம் கூடத்தான் செய்யும் என்பது என் கருத்து. அந்தப் பக்கம் ஆசை இருக்கிற பிள்ளை முதுகலைக்கு நல்ல இடம் தேடுவதில் அர்த்தம் இருக்கிறது. அரசுப் பணிக்கு என்றால், இடம் கிடைத்த அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் மனம் நிறைந்து சேரட்டும்.

இப்போது ஊருக்குப் போகும்போது எஸ்.டி.பி.எம். (பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வு) முடித்த பிள்ளைகள் சிலர் வீட்டுக்கு வருகிறார்கள். எந்தப் பல்கலைக்கழகம் அக்கா என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் முதலில் எஸ்.பி.எம். மலாய்மொழி ரிசல்ட்டைக் கேட்பேன், பிறகு பாடத்திட்டத்தின் அங்கீகாரத்தைச் சேர்ந்து பார்ப்போம். பட்டம் வாங்கியவர்கள் என்றால் அங்கேயே எஸ்.பி.ஏ.9ஐத் திறந்து நிரப்ப வைப்பேன். அந்தப் பதிவு ஓர் ஆண்டுக்குத்தான் செல்லும். காலாவதியாகும் தேதியைக் கைப்பேசியில் குறித்துக்கொண்ட பிறகுதான் எழுந்து போக விடுவேன்.