பழைய இதழ்களும் இயந்திரக் கற்றலும்

ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஆண்ட்ரூ இங் 2011-இல் இணையத்தில் இலவசமாக நடத்திய இயந்திரக் கற்றல் (தரவிலிருந்து கணினியைத் தானே கற்கச் செய்யும் முறை) வகுப்பில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தனர். அவருடைய காணொளிகளின் வழியாகவே நானும் இத்துறைக்குள் வந்தேன். நகரின் மக்கள்தொகையைக் கொண்டு உணவு வண்டியின் லாபத்தைக் கணிக்கும் முதல் பயிற்சியில், கணிப்பில் நேரும் பிழையின் அளவு பயிற்சிச் சுற்றுக்குச் சுற்று குறைந்து வருவதைத் திரையில் கண்டபோது உண்டான மகிழ்ச்சி பெரிது.

பாடத்தில் தரவு சீராக வரும். வெளியில் அப்படி வராது. பழைய தமிழ் இதழ்களை ஸ்கேன் செய்த பக்கங்களில் விளம்பரங்களையும் கட்டுரைகளையும் பிரிக்க முனைந்தபோது, பிரிக்கக் கற்கும் நிரலான மாடலைப் பயிற்றுவிப்பதைவிடப் பக்கங்களுக்கு ‘விளம்பரம்’, ‘கட்டுரை’ என்று கையால் குறியிடுவதற்கே அதிக நேரம் பிடித்தது. இந்த வேலையைக் குறைக்க ஒரு வழி உண்டு: லட்சக்கணக்கான படங்களில் ஏற்கெனவே பயின்ற நரம்பு வலையமைப்பின் (அடுக்கடுக்காகக் கணக்கிடும் ஒருவகை மாடலின்) கடைசி அடுக்கை மட்டும் நம் தேவைக்கேற்பப் பயிற்றுவித்தால், சில நூறு படங்களே போதுமானவையாக இருக்கின்றன. கட்டம் கட்டிய கவிதைகளை மட்டும் என் மாடல் இன்னும் விளம்பரம் என்றே சொல்கிறது. அவற்றைத் தனியே சேர்த்துக் குறியிட்டு வருகிறேன்.